ஃபினிஃபென்மா: மாலத்தீவின் ஆழ்பவள ரோஜா மீன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலத்தீவுக் கடல் பற்றிப் பேச்சு வந்தால் இந்தச் சின்ன மீனை நான் இழுக்காமல் விடுவதில்லை. படத்தைக் காட்டியதும் ஆளாளுக்கு ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

இது என்ன மீன்? பெயரே வாயில் நுழையவில்லையே?

முழு அறிவியல் பெயர் சிர்ரிலாப்ரஸ் ஃபினிஃபென்மா. முதல் பாதி லத்தீன், இரண்டாம் பாதி மாலத்தீவின் திவேஹி மொழி. ஃபினிஃபென்மா என்றால் ரோஜா. இளஞ்சிவப்பு ரோஜாதான் அந்த நாட்டின் தேசிய மலர். ஆங்கிலத்தில் ரோஸ்-வெயில்டு ஃபெயரி ராஸ் என்கிறார்கள். இந்தப் பக்கத்தில் சுருக்கமாக ஃபினிஃபென்மா என்றே சொல்கிறேன்.

ராஸ் என்றால் நம் ஊர் கிளிமீனா?

கிளிமீன் நெருங்கிய சொந்தம், ஆனால் இது வேறு. ராஸ் என்பது 500க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட பெரிய குடும்பம். இரண்டு மீட்டர் வரை வளரும் நெப்போலியன் ராஸும் அதில்தான் இருக்கிறது, மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டுண்ணி பொறுக்கித் தின்னும் விரல் நீளத் துப்புரவு மீனும் அதில்தான் இருக்கிறது. அந்தக் குடும்பத்துக்குள் 'ஃபெயரி ராஸ்' என்று ஒரு பேரினம். அதில் மட்டும் அறுபதுக்கு மேற்பட்ட இனங்கள். எல்லாமே சின்ன மீன்கள், எல்லாமே நிறத்தில் ஆடம்பரம். ஃபினிஃபென்மா இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது.

எவ்வளவு பெரிசு இருக்கும்? பார்க்க எப்படி?

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பெண் மீன்களிலும் இளசுகளிலும் சிவப்பு, இளஞ்சிவப்பு, நீலம் கலந்திருக்கும். முதிர்ந்த ஆணுக்கு அதன்மேல் ஆரஞ்சும் மஞ்சளும் ஏறும், உடம்பில் ஊதாச் சிவப்பும் அடர்ந்து வரும். முதுகுத்துடுப்பை விரித்துக்கொண்டு ஒரு ஆண் பக்கவாட்டில் திரும்பும் படம் கிடைத்தால், திரையைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

அப்படிப் பெரிதாக்கினால் கண்ணையும் கவனியுங்கள். ஃபெயரி ராஸ்களின் கண் முன்படலம் இரண்டு பகுதியாகப் பிரிந்திருப்பதால் ஒரே கண்ணுக்குள் இரண்டு பாப்பா இருப்பது போலத் தெரியும். படம் பழுது என்று நினைத்துக் கேட்டவர்கள் உண்டு. பழுதில்லை, அந்தக் கண்ணே அப்படித்தான்.

எந்த இடத்தில் வாழ்கிறது?

மாலத்தீவின் பவளத் தீவு வளையங்களைச் சுற்றி, ஏறக்குறைய 40 முதல் 70 மீட்டர் ஆழத்தில். மாலத்தீவு வரைபடத்தில் வளையம் வளையமாகத் தெரிகிறதே, அந்த வளையத்தின் மேல்பகுதிதான் சுற்றுலாப் பயணிகள் மிதந்து பார்க்கும் பவளம். வளையத்தின் விளிம்பு தாண்டியதும் சரிவு கீழே இறங்குகிறது, பல இடங்களில் செங்குத்தாகவே. அந்தச் சரிவில்தான் இதன் ஊர்.

ஃபெயரி ராஸ்கள் பொதுவாக உடைந்த பவளத் துண்டுகள் குவிந்த இடங்களை விரும்பும். வெறும் குப்பை மேடு போலத் தெரியும் இடம்தான் அவற்றுக்குப் பாதுகாப்பான வீடு. தலைக்குமேல் நிழல் விழுந்தால் சட்டென்று துண்டுகளுக்கு இடையில் நுழைந்துவிடலாம். நல்ல பவளம் எங்கே இருக்கிறது என்று மட்டும் தேடும் ஆட்கள் இந்த மீனைத் தவறவிடுவது இதனால்தான்.

அவ்வளவு ஆழத்தில் பவளம் வளருமா? வெயில் வேண்டாமா?

வேண்டும், ஆனால் கொஞ்சம் இருந்தால் போதும். ஏறக்குறைய 30 மீட்டரிலிருந்து 150 மீட்டர் வரை உள்ள பகுதியை மீசோஃபோட்டிக் மண்டலம் என்கிறார்கள். பொழுது சாய்ந்த நேரத்து வெளிச்சம் அளவுக்குத்தான் அங்கே வெயில் இறங்கும். பவளத்துக்குள் குடியிருக்கும் நுண்பாசிக்கு அது போதும் என்கிற அளவுக்கு அகலமாகத் தட்டையாக விரிந்து வளரும் இனங்கள் அங்கே உண்டு. அவற்றோடு வெயிலே தேவைப்படாத கடல் விசிறிகளும் கடற்பஞ்சுகளும் சேர்ந்துகொள்ளும்.

அங்கே சிவப்பு வெளிச்சம் எட்டாது என்று படித்திருக்கிறேன். அப்புறம் ஏன் இந்த மீனுக்கு ரோஜா நிறம்?

எனக்குப் பிடித்த கேள்வி. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். சில மீட்டர் இறங்கும்போதே சிவப்பு மங்கத் தொடங்குகிறது, 50 மீட்டரில் நடைமுறையில் நீலம் மட்டுமே மிச்சம். ஒரு பொருள் சிவப்பாகத் தெரிய வேண்டுமென்றால் அதன்மேல் சிவப்பு ஒளி விழ வேண்டும். அந்த ஒளியே இல்லாத இடத்தில் நம் ரோஜா மீன் வெறும் சாம்பல் மீன். வேட்டை மீன்களின் கண்ணில் படாமல் இருக்க இதைவிட நல்ல உடை கிடையாது. ஆழக் கடலில் சிவப்பு மீன்கள் அதிகம் இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். நாம் பார்க்கும் படங்கள் எல்லாம் விளக்கடித்து எடுத்தவை.

சரி, மறைவதற்கு மட்டும் என்றால் ஆணுக்கு ஏன் தனி அலங்காரம்? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. சில மீன்கள் தங்கள் மேல் விழும் நீல ஒளியை உறிஞ்சிக்கொண்டு சிவப்பாக வெளியிடும். இதே பேரினத்தைச் சேர்ந்த சோலோரென்சிஸ் என்ற இனத்தை வைத்து 2014-ல் ஒரு சோதனை வெளியானது. ஆண் மீன்களுக்குக் கண்ணாடியில் அவற்றின் பிம்பத்தைக் காட்டினார்கள். சிவப்பு ஒளிர்வு தெரியும்படி வைத்தபோது பிம்பத்தோடு கூடுதலாகச் சண்டைக்குப் போயின, வடிகட்டி போட்டு அதை மறைத்தபோது வேகம் குறைந்தது. அதாவது அந்த மீனால் சிவப்பைப் பார்க்க முடிகிறது, பார்த்துக் கோபப்படவும் முடிகிறது. தூரத்திலிருந்து வரும் எதிரிக்குச் சாம்பல், அருகில் நிற்கும் போட்டியாளனுக்குச் சிவப்பு.

என்ன சாப்பிடும்?

நீரோட்டத்தில் மிதந்து வரும் நுண்ணிய உயிரிகள். தரையிலிருந்து சற்று மேலே கூட்டமாக நின்று ஒவ்வொன்றாகக் கொத்திக்கொள்ளும். பவளத்தைக் கடிக்காது.

எல்லாம் பெண்ணாக இருந்து அப்புறம் ஆணாக மாறும் என்கிறார்களே, நிஜமா?

நிஜம். ஃபெயரி ராஸ்கள் முதலில் பெண்ணாக முதிர்கின்றன. ஒரு பெரிய ஆணும் அதைச் சுற்றிப் பல பெண்களுமாகக் கூட்டம் இருக்கும். அந்த ஆண் செத்தாலோ காணாமல் போனாலோ, பெண்களில் பெரியது நடத்தையில் முதலில் மாறும், பிறகு நிறம் மாறும், உள்ளுறுப்பும் மாறி முழு ஆணாகிவிடும். பொதுவாக ராஸ்களில் இது சில வாரங்களில் நடந்து முடிகிறது.

பெண்ணைக் கவர ஆண் காட்டும் வித்தை ஒன்று உண்டு. துடுப்பை முழுக்க விரித்து, உடம்பின் நிறத்தைச் சில நொடிகளுக்கு மின்னவிட்டுப் பாய்ந்து வரும். நிறம் அப்படியே நிற்பதில்லை, ஏறி இறங்கும். ஒரே மீனின் இரண்டு படங்கள் இரண்டு இனம் போலத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2022-ல்தான் இந்த மீனைக் கண்டுபிடித்தார்களா?

பெயர் வைத்தது 2022 மார்ச்சில், ஸூகீஸ் என்ற ஆய்விதழில். மீனைப் பார்த்தது அதற்கு ரொம்ப முன்னால். 1990களிலேயே மாலத்தீவில் இதைப் பிடித்து ஆராய்ச்சியாளர்கள் கையில் வைத்திருந்தார்கள். ஆனால் வேறொரு மீன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்த வேறொரு மீனின் பெயர் சிர்ரிலாப்ரஸ் ருப்ரிஸ்குவாமிஸ். மாலத்தீவுக்குத் தெற்கே உள்ள சாகோஸ் தீவுக்கூட்டத்திலிருந்து கிடைத்தது. 1983-ல் ஜான் ராண்டலும் எமெரியும் அதற்குப் பெயர் கொடுத்தார்கள். ராண்டல் சாதாரண ஆள் இல்லை, வாழ்நாளில் 800 மீன் இனங்களுக்கு மேல் விவரித்தவர். ஆனால் அன்று அவர்கள் கையில் இருந்தது ஒரே ஒரு மீன், அதுவும் குஞ்சுப் பருவத்தது. அதைப் போலவே செக்கச்செவேல் என்று மாலத்தீவில் ஒரு குஞ்சு கிடைத்தால் அதே இனம் என்றுதானே யாரும் சொல்வார்கள்?

பிறகு வேறு மீன்தான் என்று எப்படி உறுதி செய்தார்கள்?

குஞ்சுகளை விட்டுவிட்டு முதிர்ந்த மீன்களை எடுத்து ஒப்பிட்டார்கள். முதிர்ந்த ஆணின் நிறம், முதுகுத்துடுப்பைத் தாங்கும் முட்களின் உயரம், உடம்பில் குறிப்பிட்ட வரிசைகளில் உள்ள செதில்களின் எண்ணிக்கை என்று ஒவ்வொன்றாக அளந்து எண்ணினார்கள். மரபணுவையும் வைத்துப் பார்த்தார்கள். சாகோஸ் மீனும் மாலத்தீவு மீனும் நெருங்கிய சொந்தம், ஆனால் ஒன்று இல்லை என்று தெரிந்தது.

செதில் எண்ணுவது கேட்கச் சாதாரணமாகத் தோன்றும். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மீனை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, ஊசிமுனையால் ஒவ்வொரு செதிலாகத் தொட்டு எண்ணி, அதையே மீன் மீனாகத் திரும்பச் செய்ய வேண்டும். பெரும்பாலான மீன்கள் கெடாமல் பாதுகாக்கச் சாராயத்தில் போட்டதும் வெளுத்துவிடும். அதனால் உயிரோடு இருக்கும்போதோ செத்த சில நிமிடங்களுக்குள்ளோ எடுத்த படம் இல்லாவிட்டால் நிறத்தை வைத்துப் பேசவே முடியாது.

வகாண்டா என்று ஒரு மீன் இருப்பதாகப் பார்த்தேன். அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை, ஆனால் சரியான இடத்தில்தான் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். சிர்ரிலாப்ரஸ் வகாண்டா ஆப்பிரிக்கப் பக்கம், தான்சானியாவின் சான்சிபார் அருகே 50 முதல் 80 மீட்டர் ஆழத்தில் வாழ்வது. 2019-ல் பெயர் வைத்தார்கள், காமிக்ஸில் வரும் கற்பனை ஆப்பிரிக்க நாட்டின் பெயர். அதன் ஊதா நிறம் சாராயத்தில் போட்டாலும் போகாது. மேலே சொன்ன பொது விதிக்கு அது ஒரு விலக்கு.

சாகோஸில் ருப்ரிஸ்குவாமிஸ், சான்சிபாரில் வகாண்டா, மாலத்தீவில் ஃபினிஃபென்மா. மூன்றும் நெருங்கிய சொந்தக்காரர்கள், இந்தியப் பெருங்கடலின் வெவ்வேறு மூலைகளில் ஆழத்தில் ஒதுங்கி வாழ்பவர்கள்.

மாலத்தீவுக்காரர் ஒருவர் பெயர் வைத்தார் என்பதை ஏன் பெரிதாகச் சொல்கிறார்கள்?

பெரிய விஷயம்தான். மாலத்தீவுக் கடலிலிருந்து நூற்றுக்கணக்கான இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் வந்து பிடித்ததும் கொண்டுபோனதும் பெயர் வைத்ததும் ஏறக்குறைய எப்போதும் வெளிநாட்டுக்காரர்கள். அந்தத் தீவுகளுக்கு மட்டுமே உரிய இனங்களுக்கும் அதே கதை. இந்த ஆய்வில் மாலத்தீவு கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அகமது நஜீப் ஓர் ஆசிரியர். அப்போது சிட்னிப் பல்கலைக்கழகத்தில் இருந்த யி-காய் டீ, கலிஃபோர்னியா அறிவியல் அகாடமியின் லூயிஸ் ரோச்சா ஆகியோருடன் சேர்ந்து செய்தது. மாலத்தீவு மீன் ஒன்றை மாலத்தீவு விஞ்ஞானியே விவரித்த முதல் சில நேர்வுகளில் இது ஒன்று.

தூரத்து நாட்டு அருங்காட்சியகத்தில் உள்ள புட்டியைவிட, உள்ளூரில் தினமும் கடலுக்குப் போகும் ஒருவருக்கு அந்த மீனைத் தெரிந்திருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மாலத்தீவு போய் டைவ் அடித்தால் பார்க்கலாமா?

சாதாரண ஸ்கூபாவில் முடியாது. மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவிங்குக்கு 30 மீட்டர்தான் எல்லை. இந்த மீன் தொடங்குவதே 40-ல். எல்லையை மீறிப் பார்க்கலாமே என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள். அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றில் உள்ள நைட்ரஜனே போதை ஏற்றும், முடிவெடுக்கும் திறன் மந்தமாகும்.

ஆராய்ச்சியாளர்கள் ரீபிரீதர் என்ற கருவியோடு இறங்குகிறார்கள். மூச்சை வெளியே விடாமல் கரியமில வாயுவை மட்டும் நீக்கி, ஆக்சிஜன் சேர்த்துத் திரும்பத் தரும் கருவி. வாயுக் கலவையில் நைட்ரஜனைக் குறைத்து ஹீலியம் சேர்ப்பார்கள். கீழே செலவழிப்பது சில நிமிடங்கள், மேலே ஏற வழியில் நின்று நின்று காத்திருப்பது மணிக்கணக்கு. அவசரப்பட்டு ஏறினால் உடம்பில் கரைந்த வாயு குமிழியாகி ஆளையே முடக்கிவிடும்.

அப்படியானால் மீனை மட்டும் எப்படி உயிரோடு மேலே கொண்டு வருகிறார்கள்?

மீனுக்கும் அதே பிரச்சினைதான், வேறு வடிவத்தில். மீனின் வயிற்றுக்குள் மிதப்பதற்கு ஒரு காற்றுப்பை உண்டு. 60 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப்போல ஏழு மடங்கு. மீனை நேரே மேலே தூக்கினால் பையில் உள்ள காற்று ஏழு மடங்காக உப்பும். கண் பிதுங்கும், வயிறு வாய்வழியாகத் தள்ளிக்கொண்டு வரும்.

அதைத் தவிர்க்க மீன் பிடிப்பவர்கள் பல இடங்களில் நிறுத்தி நிறுத்தி மெல்ல ஏற்றுவார்கள், அல்லது மெல்லிய ஊசியால் பையைக் குத்திக் காற்றை இறக்குவார்கள். கலிஃபோர்னியா அகாடமிக் குழு ஒருபடி மேலே போய், கீழேயே மீனை அடைத்து அழுத்தம் குறையாமல் மேலே கொண்டு வரும் ஒரு கலனை உருவாக்கியிருக்கிறது. மேலே வந்த பிறகு நாள்கணக்கில் மெல்ல மெல்ல அழுத்தத்தைக் குறைப்பார்கள்.

சாப்பிடலாமா?

நம் ஊரில் எந்த மீனைக் காட்டினாலும் வரும் கேள்வி! முள்ளை எடுத்தால் ஒரு வாய்க்குக்கூட வராது. மாலத்தீவுக்காரர்களுக்கு மீன் என்றாலே தூண்டில் கம்பில் பிடிக்கும் சூரைதான், இவ்வளவு ஆழத்துக் குட்டி மீனுக்குப் பின்னால் யாரும் சட்டியோடு போவதில்லை.

மன்னார் வளைகுடாவிலோ லட்சத்தீவிலோ இருக்குமா?

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சுற்றிய பவளத் திட்டுகள் சில மீட்டர் ஆழத்தில் இருப்பவை. 40 மீட்டருக்குக் கீழே வாழும் மீனைத் தேட வேண்டிய இடம் அதுவல்ல. லட்சத்தீவு விஷயம் வேறு. லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் மூன்றும் கடலடியில் ஒரே நீண்ட முகட்டின் மேல் வடக்கிலிருந்து தெற்காக வரிசையாக நிற்பவை. ஆழ்பவளச் சரிவு அங்கேயும் உண்டு. தேடப் போகிறவர் வடக்கே திரும்பிப் பார்ப்பது நியாயம்.

ஆழத்தில் இருப்பதால் கடல் சூடானாலும் இதற்கு ஆபத்து இல்லைதானே?

இந்த நம்பிக்கை நிறையப் பேருக்கு இருக்கிறது. 1998-ல் மாலத்தீவின் மேல்மட்டப் பவளம் பெரும்பகுதி வெளிறிச் செத்தது, 2016-ல் மறுபடியும் அடி விழுந்தது. மேலே போனது போகட்டும், ஆழத்தில் உள்ளவை பத்திரமாக இருந்து திரும்ப மேலே பரவும் என்று சொல்லிக்கொண்டோம்.

லூயிஸ் ரோச்சாவும் கூட்டாளிகளும் பசிபிக்கிலும் மேற்கு அட்லாண்டிக்கிலும் ஆழம் வாரியாக மீன்களைக் கணக்கெடுத்து 2018-ல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். ஆழத்தில் உள்ளவை மேல்மட்டத்து மீன்களின் சேமிப்புக் கிடங்கு இல்லை, பெரும்பாலும் வேறு இனங்கள் என்றார்கள். புயல், வண்டல், வெப்பம், மீன்பிடிப்பு எதுவும் ஆழத்தை விட்டுவைக்கவில்லை என்றும் கண்டார்கள். ஃபினிஃபென்மா போன்ற மீனுக்கு மேலே ஏறிப் பிழைக்க இடமில்லை, அதன் வாழிடம் ஒரு குறுகிய பட்டை.

ஆணைப் பிடித்தால் பெண் ஆணாகிவிடுமே. அலங்கார மீன் வியாபாரத்தால் என்ன நஷ்டம்?

மாறும், மேலே சொன்னேன். ஆனால் மாறுவதற்கு விலை உண்டு. தொட்டிக்காரர்களுக்கு வேண்டியது முதிர்ந்த ஆண், அழகு அதில்தான். ஒரு ஆணை எடுத்தால் கூட்டத்திலேயே பெரிய பெண் அந்த இடத்துக்குப் போகிறது, பெரிய பெண் என்றால் அதிக முட்டை இடுவது. மாறி முடியும்வரை கூட்டத்தில் இனப்பெருக்கம் தடைப்படும். மாறி முடித்ததும் மறுபடி வலை வந்தால்? அடுத்த பெண், இன்னும் சின்னது.

சரி, இது அழியும் நிலையில் இருக்கிறதா? இல்லையென்றால் பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது?

அழியும் நிலையில் இல்லை. இருக்கும் இடத்தில் தாராளமாக இருக்கிறது, இப்போதைக்குப் பெரிய ஆபத்து இல்லை என்றுதான் விவரித்தவர்களே சொன்னார்கள். அவர்களை உறுத்தியது வேறு: அறிவியல் பெயர் கிடைப்பதற்கு முன்பே இந்த மீன் விற்பனைக்குப் போய்க்கொண்டிருந்தது.

பெயர் இல்லாத மீனுக்குக் கணக்கு கிடையாது. ஏற்றுமதி ரசீதில் வேறொரு இனத்தின் பெயர் இருந்தால், எத்தனை போனது என்பது தவறான பேரேட்டில் ஏறுகிறது. கட்டுப்பாடு போட நினைத்தாலும் எதற்குப் போடுவது? சாகோஸ் மீனின் பக்கமும் இதே குழப்பம்தான். ஒரே இனம் பரந்த கடலில் இருக்கிறது என்று நினைத்தவரை கவலை இல்லை. இரண்டாகப் பிரித்ததும் ஒவ்வொன்றின் எல்லையும் சுருங்கிவிட்டது. பிரித்ததால் எந்த மீனும் சாகவில்லை, ஆனால் இரண்டுக்கும் தனித்தனியாகக் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

இன்னொன்று: மாலத்தீவின் ஆழத்திலிருந்து அதே குழு கொண்டுவந்தவற்றில் பெயரில்லாத இனங்கள் 2022-ல் இன்னும் இருந்தன.

பழைய புத்தகத்திலும் இணையத்திலும் மாலத்தீவு மீன் படத்துக்கு ருப்ரிஸ்குவாமிஸ் என்று போட்டிருக்கிறதே?

2022க்கு முந்தையது என்றால் அப்படித்தான் இருக்கும். எடுத்த இடம் மாலத்தீவு, ஆழம் 40 மீட்டரோ அதற்குக் கீழேயோ, முதிர்ந்த ஆண் என்றால் ஃபினிஃபென்மா என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். குஞ்சு என்றால் படத்தை மட்டும் வைத்துச் சத்தியம் செய்யாதீர்கள், அந்த வழியில்தான் பழைய குழப்பமே வந்தது.

நான் சில வருஷம் முன்னால் ருப்ரிஸ்குவாமிஸ் என்று சொல்லி ஒன்று வாங்கினேன். அது எது?

எங்கிருந்து வந்தது என்று விற்றவரிடம் கேளுங்கள். மாலத்தீவிலிருந்து ஏற்றுமதியானது என்றால் ஃபினிஃபென்மாதான். இடம் தெரியாவிட்டால் முதிர்ந்த பிறகு ஆணின் நிறத்தையும் முதுகுத்துடுப்பு முள்ளின் உயரத்தையும் பாருங்கள். துடுப்பை விரிக்கும்போது பக்கவாட்டில் தெளிவாகப் படம் எடுத்தால் தெரிந்தவர்களிடம் காட்டலாம். இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விடாதீர்கள். வெளிச்சத்தைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள். தொட்டிக்கு மூடி கட்டாயம், வலை மூடியாக இருந்தாலும் போதும். ஃபெயரி ராஸ்கள் பயந்தால் துள்ளி வெளியே விழும். காலையில் தரையில் காய்ந்து கிடப்பதுதான் வீட்டுத் தொட்டிகளில் இவற்றுக்கு வழக்கமாக நேரும் சாவு.